சுற்றிப் பார்க்கப் போன மூலையக்கா

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்கக் கூடாது. மடித்தால் அதற்குப் பேர் சுருட்டல். எங்கள் சலவைக்கூடத்தில் மடிக்கிற மேசைக்கு எப்போதும் இரண்டு பேர். உலர்த்தும் மெஷினிலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, விலகி நின்று இழுத்து உதற வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். கீழே தொங்கும் மடிப்பை ஒருத்தி எடுத்துக்கொண்டு மறுபடி விலகுவாள். விலகுவதும் கிட்டே வருவதுமாக நாள் முழுக்க இதே நடைதான்.

எனக்கு எதிர்முனையில் நின்றவள் மூலையக்கா. அந்தப் பெயரை வைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "மூலை எங்க இருக்கு, உன் மனசு எங்க இருக்கு?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள். நகக்கண் அளவு விலகியிருந்தாலும் உதறிவிட்டு முதலிலிருந்து மடிக்க வைப்பாள். படுத்துக்கிடக்கிற நோயாளியா வந்து மூலையை அளந்து பார்க்கப் போகிறான்? அந்த எரிச்சலில் வைத்த பெயர் கூடம் முழுக்கப் பரவி, கடைசியில் சூப்பர்வைசர் வாய்க்கும் வந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. "கூப்பிட ஒரு பேரு வேணும்ல" என்றதோடு சரி.

புருஷன் என்று ஒருத்தன் இருந்திருக்கிறான். மகள் தவழ்கிற வயதில் வெளியே போனவன், போனவன்தான். அதற்கப்புறம் அக்காவுக்கு உலகத்தில் இருந்தது மகளும் விரிப்புகளும். மகள் கெட்டிக்காரி. நர்சிங் படித்தாள், வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். அங்கே பெட்டுக்கு விரிப்பு போடுவதையெல்லாம் வீடியோவில் காட்டுவாள். அக்கா இங்கிருந்தே கத்துவாள்: "இடது பக்க மூலை தொங்குது பாரு!" அது அங்கே போய்ச் சேர்ந்து, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மூலையைச் செருகுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த மகள் செத்துப்போன சேதி வந்தபோதும் நாங்கள் மடித்துக்கொண்டுதான் இருந்தோம். காய்ச்சல் என்று படுத்தவளுக்கு அது மூளைக்கு ஏறிவிட்டதாம். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண்தான் போனில் சொன்னாள். அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடியே நடந்து வந்தாள். மூலையைச் சேர்த்தாள். விரிப்பை அடுக்கின் மேல் வைத்தாள். "எம் பொண்ணு போயிட்டாளாம்" என்றாள். அடுத்த விரிப்பை எடுக்கக் கையை நீட்டினாள். நான்தான் ஓவென்று கத்தினேன்.

உடலைக் கொண்டுவருவது எங்களால் ஆகிற காரியமாக இல்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்தத் தோழிப்பெண் போனில் காட்டினாள். பெட்டியை இறக்கப் போகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது மண் மூடியாகிவிட்டது. அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, அவள் அழவே இல்லை.

"நம்பினாத்தானேடி அழுகை வரும்?" என்றாள் என்னிடம். "போன்ல பாத்தது பாத்ததா? அவ படுத்திருக்கிற எடத்த என் கண்ணால பாக்கணும். பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டம் அழுதுட்டு வந்துடணும். அதுக்கப்புறம் நான் எப்படியோ போறேன்."

இதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

முதல் தடவை தானாகவே போய் விண்ணப்பித்தாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பெற்றவள் மகளைப் பார்க்கப் போவதற்கு என்ன யோசனை வேண்டியிருக்கிறது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் இவள், நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள்.

"எதுக்குப் போறீங்க?"

"எம் பொண்ணு அங்க மண்ணுக்குள்ள இருக்காங்க."

"இந்த ஊர்ல உங்களுக்கு யார் இருக்காங்க?"

"யாரும் இல்லைங்க. அவ ஒருத்திதான்."

கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள். அதனால் இல்லை என்றுவிட்டார்கள். திரும்பி வருவதற்கு இவருக்குப் போதிய காரணம் இல்லை என்று காகிதத்தில் அச்சடித்தே கொடுத்தார்கள். அதை யாரோ வாசித்துக் காட்டியபோது எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு நான் மடித்த விரிப்புகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மூலையும் சேரவில்லை. அக்காவும் அவற்றை அப்படியே அடுக்கில் வைத்தாள்.

பிறகுதான் விசாவுக்கு வழி சொல்லும் கோட்டுக்காரரிடம் போனோம். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு புழுக்கமான அறை. மேலே மின்விசிறி ஒப்புக்குச் சுற்றுகிறது. மனிதர் கோட்டைக் கழற்றுவதில்லை. வெளிநாடு என்றால் ஒரு மரியாதை வேண்டும் அல்லவா, அதற்காக வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் பேசியதில் பொய் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பாருங்கம்மா, அவங்களுக்கு ஒரே பயம்தான்" என்றார். "போறவங்க திரும்பி வருவாங்களா? வீடு இருக்கா, வாசல் இருக்கா, புள்ளகுட்டி இருக்கா? உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதையும் நீங்களே வாயால சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"நான் இருக்கேனே" என்றேன்.

"நீங்க சொந்தமா?"

"கூட மடிக்கிறவ."

"அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பிய பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்குச் செல்லுபடியாக வேண்டும். போகவர டிக்கெட். பயண இன்சூரன்ஸ். லீவு முடிந்தால் வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று சூப்பர்வைசர் எழுதிய கடிதம். தோழிப்பெண் கையெழுத்துப் போட்ட அழைப்பு. அப்புறம் போட்டோ. சிரிக்கக் கூடாது, முகம் வாடியும் இருக்கக் கூடாது, கண் கலங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"முக்கியமான விஷயம். கல்லறைன்னு வாயே திறக்கக் கூடாது. நீங்க சுத்திப் பாக்கப் போறீங்க. தெரிஞ்ச பொண்ணு கூப்பிட்டிருக்கு, போறீங்க. கோபுரம், ஏரிப் படகு, மியூசியம், மிருகக்காட்சி. என்னைக்கு எதுன்னு நான் எழுதித் தரேன். நெட்டுரு போட்டுடுங்க. அழுதீங்க, காரியம் கெட்டுச்சு. லேசா சிரிச்ச முகமா இருக்கணும். டூர் போறவங்க அழுவாங்களா?"

"சரிங்க" என்றாள் அக்கா.

"அங்க போய் இறங்கின பிறகும் இதேதான். டிக்கெட்டு, ரசீது எல்லாம் பத்திரமா வெச்சுக்கோங்க. கேட்டாலும் கேப்பாங்க."

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சும்மா, எல்லாருக்கும் சொல்வதுபோலத்தான் சொன்னார். அக்காவோ அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நெட்டுருப் போட வைக்கும் வேலை எனக்கு வந்தது. மடிக்கும்போதே பாடம். விலகி நிற்கும்போது நான் அதிகாரி. குரலை உயர்த்திக் கேள்வி கேட்பேன். நடந்து வந்து மூலை சேர்க்கும்போது அவள் பதில் சொல்ல வேண்டும்.

"எதுக்கு வரீங்க?"

"சுத்திப் பாக்க."

"எங்கெல்லாம் போவீங்க?"

"மொத நாள் கோபுரம். மறுநாள் ஏரி, படகு."

"தெரிஞ்சவங்க யாரு?"

அந்தக் கேள்வியில் முதலில் ஒவ்வொரு தடவையும் அவள் கண் நிறைந்துவிடும். நான் அதட்டுவேன்: "ம்ம்? டூர் போற மூஞ்சியா இது?" அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஒரு பொண்ணுங்க, குடும்பத்துக்கு வேண்டியவ" என்பாள். நான் விலகுவேன், மறுபடி கேட்பேன். கூடத்தில் மற்றவர்களுக்கும் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. இஸ்திரி மெஷின்காரி போகிற போக்கில், "மிருகக்காட்சியில என்ன பாப்பீங்க?" என்று குறுக்குக் கேள்வி போடுவாள். "கரடி" என்பாள் அக்கா, சட்டென்று. எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். மெல்ல மெல்ல அந்தக் கேள்வி வரும்போதும் கண் நிறைவது நின்றது. நல்லவேளை என்று நினைத்தேன். இவ்வளவு நாளாக நம்பாததால் வராமல் இருந்த அழுகை வரத் தொடங்குகிற நேரமாகப் பார்த்து, அதன் வாசலில் நாங்கள் காவல் போட்டோம்.

இந்த முறை அனுமதி கிடைத்தது.

மூட்டை கட்டும்போது ஒரு சண்டை. வீட்டு வாசல் மண்ணில் ஒரு பிடி மகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். மண், விதை, செடி, சமைத்த சாப்பாடு ஒன்றும் கூடாது, பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று கோட்டுக்காரர் போனிலேயே அலறினார். கடைசியில் மகள் சின்ன வயதில் படுத்த விரிப்பை எடுத்துவைத்தாள். நீலப் பூ போட்டது, கரை வெளுத்துப்போனது. "இது துணிதானே? துணிக்குத் தடை இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தோம். கழுத்தில் தொங்கவிட பாஸ்போர்ட் பை, காலுக்குக் கம்பளி உறை, யார் பொட்டலத்தையும் கையில் வாங்கக் கூடாது என்ற எச்சரிக்கை. விமான நிலையத்தின் கதவு வரைக்கும்தான் எனக்கு அனுமதி. உள்ளே போனவள் திரும்பிப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே லேசாகச் சிரித்தாள்.

அங்கே நடந்ததில் எனக்குத் தெரிந்தது, தோழிப்பெண் போனில் சொன்னதும், பிறகு அக்கா சொன்னதும்தான்.

நுழைவாசல் அதிகாரி எங்கெல்லாம் போவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் ஒப்பித்திருக்கிறாள். அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே தோழிப்பெண், "நாளைக்கு எனக்கு லீவு, காலையிலேயே அவகிட்ட போயிட்டு வந்துடலாமா அம்மா?" என்று கேட்டாள். அக்கா வேண்டாம் என்றாள்.

"நாளைக்குக் கோபுரம்மா."

அந்தப் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அதெல்லாம் சும்மா பேப்பருக்காகத்தானே?" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லித்தான் உள்ள வந்திருக்கேன். நீ கையெழுத்துப் போட்டிருக்கே. நான் பொய் சொன்னேன்னு ஆச்சுன்னா உன் வேலைக்கில்ல உலை வைப்பாங்க? சொன்னத மொதல்ல முடிச்சுடறேன். அவ எங்க போகப்போறா?"

கோபுரத்தில் ஏறினாள். அவளுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டே மேலே போய், மூடிக்கொண்டே கீழே வந்தாள். மியூசியத்தில் ஒவ்வொரு அறையாகத் தவறாமல் நுழைந்து வெளியே வந்தாள். மழை பெய்து ஏரியில் படகு ஓடாத நாளில், தோழிப்பெண் பரவாயில்லை என்று எவ்வளவோ சொல்லியும், மறுநாள் போய்க் காத்திருந்து ஏறினாள். குளிரில் தன்னந்தனியாகப் படகில் உட்கார்ந்திருந்தாள். கரடியையும் பார்த்தாள். அது தூங்கிக்கொண்டிருந்ததாம். எல்லா டிக்கெட்டையும் பாஸ்போர்ட் பையில் போட்டுக் கழுத்திலேயே வைத்திருந்தாள். பெற்ற மகள் கிடக்கிற ஊரில், அவளிடம் போகாமல் கரடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் யாரையாவது அடிக்க வேண்டும்போல இருக்கிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

மழை ஒரு நாளைத் தின்றுவிட்டது. கடைசியில் ஊருக்குக் கிளம்புகிற அன்று, பெட்டியைக் கையோடு இழுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள்.

புல் ஒரே மட்டமாக வெட்டியிருந்ததாம். சின்னக் கல்லில் மகள் பெயர். "நாலு மூலையும் சரியா இருந்துச்சு" என்றாள் என்னிடம். பெட்டியைத் திறந்து நீல விரிப்பை எடுத்து மேலே விரித்தாள். சுற்றி வந்து மூலைகளை இழுத்துவிட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்தாள். தோழிப்பெண் அழுதாள். இவளுக்கு வரவில்லை.

"உள்ள என்னென்னமோ ஓடுதுடி. எங்க தங்குவீங்க, எப்போ திரும்புவீங்கன்னு உன் குரல்தான் கேக்குது. நானும் பதில் சொல்லிட்டே இருக்கேன். தொடையக் கிள்ளிப் பாத்தேன். அவ சின்னதுல கீழ விழுந்து மண்டைய ஒடச்சுக்கிட்டத நெனச்சுப் பாத்தேன். ஒண்ணும் வரல. அந்த நேரம் பாத்து புல்லு வெட்டுறவன் வண்டியில போனான், என்னப் பாத்துக் கைய ஆட்டினான். சிரிச்சேண்டி. எம் பொண்ணு தலமாட்டுல உக்காந்துட்டு, சிரிச்சேன்."

நேரம் ஆகிவிட்டது என்று தோழிப்பெண் எழுப்பினாள். இரண்டு பேருமாக விரிப்பை மடித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மடிக்கத் தெரியவில்லை, கோணலும் மாணலுமாகப் போயிற்று. சரிபண்ண நேரமில்லாமல் அப்படியே பெட்டியில் திணித்தாள். விமான நிலையத்தில் டிக்கெட்டையெல்லாம் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் பாஸ்போர்ட்டில் ஒரு குத்துக் குத்தினான். முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

வந்தவுடன் கோட்டுக்காரருக்கு மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லப் போனோம். அவருக்கு ஒரே சந்தோஷம். "சொன்ன தேதிக்குத் திரும்பி வந்துட்டீங்க பாருங்க, இனிமே அடுத்த தடவை சுலபமா குடுப்பாங்க" என்றார். அடுத்த தடவையாம். இந்த ஒரு தடவைக்கே அவள் எத்தனை மாசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தாள் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தி, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். கடிதத்தில் அப்படித்தானே எழுதியிருந்தது. முன்போலவே மடித்தோம். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. விலகும்போதும் சேரும்போதும் மெஷின் சத்தம் மட்டும். நாலைந்து நாள் அப்படிப் போயிற்று. ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, அவள் தன் பையிலிருந்து அந்த நீல விரிப்பை எடுத்தாள். பெட்டியில் திணித்த கோலத்திலேயே இருந்தது.

"வா, இத ஒழுங்கா மடிச்சு வெச்சுடலாம்."

"துவைக்க வேணாமாக்கா?"

"வேணாம்."

ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து விலகினோம். உதறப் போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். விரிப்பின் நடுவில் காய்ந்த புல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மண்ணும் கொஞ்சம், ஒரு பழுப்பு நிறத் தீற்றலாக. இங்கிருந்து ஒரு பிடி மண் அங்கே போகக் கூடாது என்றார்கள். அங்கிருந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை.

"கேளு" என்றாள் அக்கா.

"என்னத்த?"

"அதான், கேப்பியே. கேளுடி."

 கேட்டேன். "எதுக்கு வரீங்க?"

அவள் நடந்து வந்தாள். "சுத்திப் பா..." என்று பழக்கத்தில் வாய் தொடங்கியது. பாதியில் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் விரிப்பைப் பிடித்தபடியே நின்றோம். நான் அவள் முகத்தைப் பார்த்து, அதிகாரிபோல இல்லாமல், என் குரலிலேயே மறுபடி கேட்டேன்.

"எதுக்குக்கா போனீங்க?"

"எம் பொண்ணப் பாக்க" என்றாள். "எம் பொண்ணப் பாக்கப் போனேன். அவ அங்க இருக்காடி. மண்ணுக்குள்ள இருக்கா. நான் பாத்தேன்."

அப்புறம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் அதுவரை எந்த மனுஷரிடமும் கேட்டதில்லை. சாப்பாட்டு அறையிலிருந்து இஸ்திரி மெஷின்காரி ஓடிவந்து வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். அக்கா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் பக்கத்து மூலைகளை நான் விடவில்லை. பிடித்துக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. மெஷின் ஓடி முடித்து மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் போய் நிறுத்தவில்லை.

பிறகு எழுந்து மடித்தோம். மூலைகள் சேரவில்லை. என் பக்கம் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பிரிக்கப் போனேன். "இருக்கட்டும் விடு" என்று சொல்லி, அப்படியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.